நகர்த்து

கழனிவாசல் போகிற சாலையில்
எவர்சில்வர் கடைக்கு மேல்மாடி, வாடகை ஏழாயிரம்.
மாதாந்திரப் பராமரிப்பென்று மின்சாரம் போன பகல்.
மடிக்கணினியில் நாற்பது சதவீதம்.
அது தீர்வதற்குள்
இந்தக் கோப்பைப் படித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

நகர்த்து என்று ஒரு சார்பு.
சுட்டியை எத்தனை அடி சொல்கிறோமோ
அத்தனை அடி கொண்டுபோய் நிறுத்தும்.
அவ்வளவுதான் வேலை.
அதற்கு மூன்று உடல்.
முன்னால் மட்டும் நடக்கத் தெரிந்ததற்கு ஒன்று,
பின்னாலும் வரத் தெரிந்ததற்கு ஒன்று,
ஒரே தாவாகத் தாவுவதற்கு ஒன்று.
எது எந்த வாசலுக்கு என்று பிரித்துவிட
உள்ளே ஒன்றுமே இல்லாத அடையாளச்சீட்டு.
சீட்டைப் பார்க்க ஒரு காவல் வார்ப்பு,
காவலைக் காக்க இன்னொன்று.
எல்லாப் பெயருக்கும் முன்னால் இரண்டு அடிக்கோடு,
வெளியாள் கை வைக்காமலிருக்க
வேலியில் செருகிய கருவமுள் மாதிரி.

இதை எழுதினவரை நன்றாகத் திட்டினேன்.

பிறகு கண்ணில் பட்டது அந்த இடைவெளி.
முன்பெல்லாம்
மூடுகிற இரண்டு கோண அடைப்புக்கு நடுவே
இடம் விட்டாக வேண்டும்.
ஒட்டினால் தொகுப்பி
வலப்பக்கம் தள்ளச் சொல்கிறாய் என்று எடுத்துக்கொள்ளும்.
விட்ட இடம் அப்படியே இருக்கிறது
> >
> >
பக்கம் முழுக்க, முன்பல் விழுந்த பிள்ளைகள் போல.
கேள்வியைத் தொகுக்கும்போதே கேட்டு
அங்கேயே முடித்துவிட
மொழியில் அன்று சொல் இல்லை.
எனக்கு இருக்கிறது.
திட்டினதை வாபஸ் வாங்கிக்கொண்டு
வெட்ட ஆரம்பித்தேன்.

தாவ முடியுமா, தாவு.
முடியாதா, பின்னால் வருமா,
வரும் என்றால் எந்தப் பக்கம் என்று பார்.
அதுவும் இல்லையா, ஒவ்வோர் அடியாக நட.
நூற்று எண்பத்தேழு வரி
இருபத்திரண்டில் நின்றது.
பிழை வந்தால் முன்பு திரை நிரம்பி வழியும்,
யாரோ வீட்டு வழக்கின் தஸ்தாவேஜு போல.
இப்போது ஒன்பது வரி.
அதில் ஒன்று உண்மையாகவே காரணம்.

சோதனை நாலாயிரமும் பச்சை.
பூனாவிலிருந்து மகரந்த் பார்த்துவிட்டு எழுதினான்:
அடிக்கோடு போட்ட பெயரை
வெளியில் எவன் தொட்டிருக்கப் போகிறான், சேர்த்துவிடு.

பதிப்பு வெளியான மூன்றாம் வாரம்
தொட்டவர் போன் செய்தார்.
புதுவயல், அரிசி ஆலை,
கலர் சார்ட்டருக்கு மென்பொருள் எழுதும் சோலைமலை.
"மாத்தினவங்க பேருக்குப் பக்கத்துல
காரைக்குடின்னு இருந்துச்சு மேடம்.
பத்து கிலோமீட்டர்தானேன்னு..."

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனேன்.
தகட்டில் அரிசி வெள்ளமாக இறங்குகிறது.
கறுப்பு கண்டால் ஒரு சின்ன ஊதல்,
அந்த ஒரு மணி மட்டும் விலகி விழுகிறது.
விழுகிற நேரத்துக்குள்தான் கேள்வி,
விழுகிற நேரத்துக்குள்தான் பதில்.
நான் செய்வது இதற்கு நேர் எதிர்:
ஓட ஆரம்பிக்கும் முன்பே கேட்டுவிடுவது.

அவர் நிரலில் நான் தூக்கியெறிந்த சீட்டு.
"எட்டு வருஷம் இருக்கும். ராத்திரி ரெண்டு மணி.
வேற எதுவும் ஓடலை."
அது உங்களுக்கான பெயர் இல்லை
என்று சொல்ல வாயெடுத்தேன்.
நான் எத்தனை ராத்திரி
எவருடைய வேலியைத் தாண்டியிருக்கிறேன்.

அவருடைய அறுபது வரி நாலாயிற்று.
நம்பாமல் கீழே உருட்டிக்கொண்டே போனார்.
"மிச்சம் எங்கே மேடம்?"
"மிச்சமே இல்லை."
ஓட்டிப் பார்த்தார். ஊதியது.
மறுபடி உருட்டினார்.

இவரைப் போல இன்னும் எத்தனை பேரோ.
இரவு அறைக்கு வந்து
பழைய பெயரை ஒரு வரியாகத் திரும்ப வைத்தேன்,
அடுத்த பதிப்போடு போய்விடும் என்ற எச்சரிக்கையுடன்.
இருபத்து மூன்று.
காரணம் என்ற இடத்தில்: புதுவயல்.

மகரந்த் கேட்கிறான்,
புதுவயல் என்பது எந்த இயங்குதளம்?
தலையெல்லாம் தவிடு.
குளித்துவிட்டு வந்துதான் சொல்ல வேண்டும்.